போக்கியத்துக்கு முதல் வீடு

ஆதிலட்சுமியின் அப்பா, மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆறு சென்ட் மனையையும் அவள் பேரில் வாங்கிப் போட்டார். மாப்பிள்ளை ராஜாராமை ஒரு தரம் பார்த்ததுமே அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். கிழக்கே ரோடு, மேற்கே கிணறு, அகலம் குறைச்சல், நீளம் அதிகம். வீட்டுக்கும் மனைக்கும் நடுவே ஆள் நடக்க ஒரு சந்து. இருபது வருஷமாக அந்த மனையில் ஊரார் மாடு கட்டினார்கள், வண்டி அவிழ்த்துப் போட்டார்கள், அவசரம் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். வரி கட்டியது மட்டும் ஆதிலட்சுமி.

தினமும் காலையில் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒரு கூட்டம் வந்து இறங்கும். பேங்க் கிளார்க், பிளாக் ஆபீஸ்காரர்கள், ஸ்கூல் வாத்தியார்கள். சாயங்காலம் அதே கூட்டம் தொங்கிக்கொண்டு திரும்பிப் போகும். ஊரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை. எல்லோர் கண்ணிலும் பட்ட கூட்டம்தான். ஆனால் இத்தனை பேரும் வாடகையைக் கொண்டுபோய் பஸ்காரனிடம் கொடுக்கிறார்களே என்று வயிறெரிந்தவள் ஆதிலட்சுமி ஒருத்திதான். எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில், மனையில் வரிசையாக மூன்று வீடு கட்டுவது என்று அவள் முடிவு செய்தாள். கையில் இருந்தது நானூறு ரூபாய்.

பேங்கில் போய்க் கேட்டாள். மானேஜர் தண்ணீரெல்லாம் கொடுத்து உபசரித்துவிட்டு, "வாடகைக்கு விட வீடு கட்ட எங்க ரூல்ல இடமில்லம்மா. கறவை மாடு, பம்ப் செட், இந்த ரெண்டுக்கும்னா தரலாம்" என்றார்.

வீட்டில் ராஜாராம் முன் அறையில் தன் அப்பா காலத்து சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரோட்டைப் பார்த்த அந்த அறைதான் அவருக்கு ஆபீஸ், சபை, எல்லாம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாட்டுக்குன்னு வாங்கி வூட்ல போட்டுடு. அவனா வந்து பால் கறந்து பாக்கப் போறான்?" என்றார்.

"வந்து பாத்தா உங்களத்தான் தொழுவுல கட்டி வெக்கணும்" என்றாள் ஆதிலட்சுமி. ராஜாராம் தன் ஆயுளில் பணத்துக்காகச் சொன்ன ஒரே யோசனை அது. அதுவும் இப்படிப் போனதால் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

நகையை அடகு வைக்க அவளுக்கு மனசில்லை. கந்து வட்டிக்காரன் படியை மிதிக்கவும் மனசில்லை. பணமாக இல்லாததை வேறு எதுவாகப் புரட்டலாம் என்று யோசித்தாள். ஏரிக்கரை ஓரத்து மேட்டுக் கழனிக்குத் தண்ணீர் ஏறாமல் வருஷா வருஷம் தொல்லை. சூளைக்காரனைக் கூப்பிட்டு, மேட்டில் இரண்டடி மண்ணை வெட்டிக்கொள், அதற்கு ஈடாகச் செங்கல் கொடு என்றாள். அவனுக்கு மண் கிடைத்தது, இவளுக்குக் கல் கிடைத்தது, கழனியும் சமமானது. மனையோரத்து வேம்பு நிலைக்கதவுக்கு ஆயிற்று, கழனி வரப்பில் இருந்த இரண்டு பனை உத்தரத்துக்கு. ஏலச்சீட்டை இரண்டாம் மாதமே தள்ளி எடுத்து மேஸ்திரி கூலிக்கு வைத்தாள்.

பாக்கிக்கு அவள் நம்பியது போக்கியம். காஞ்சிபுரத்துப் பக்கம் போக்கியம் தெரியாத ஆள் கிடையாது. குடி வருகிறவர் ஒரு பெரும் தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். மாசா மாசம் வாடகை கிடையாது, தொகைக்கு வட்டியும் கிடையாது. கெடு முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கொடுத்த தொகையை அப்படியே வாங்கிக்கொண்டு போகலாம். மூன்றில் ஒரு வீட்டை மூவாயிரத்துக்குப் போக்கியம் விட்டு, அந்தப் பணத்திலேயே மூன்றையும் கட்டி, மற்ற இரண்டின் வாடகையைச் சேர்த்து மூன்று வருஷத்தில் மூவாயிரத்தைத் திருப்புவது. விரலை மடக்கிப் பார்த்தாள், சரியாகத்தான் வந்தது. ஒரே ஒரு சங்கடம். வீடு இன்னும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய வாத்தியார்களிடம் கேட்டபோது எல்லோரும் சிரித்த முகத்தோடு, "கட்டி முடிங்கம்மா, பாக்கலாம்" என்றார்கள்.

கட்டாத வீட்டுக்குப் பணம் கொடுக்க வந்தவன் அருள்தாஸ். அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், முப்பத்திரண்டு வயது. சாலவாக்கம் பக்கத்துக் காலனியிலிருந்து தினம் சைக்கிளில் வந்துபோகிறவன். நாலு வருஷமாக ஊருக்குள் வீடு தேடிக்கொண்டிருந்தான். முதலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அப்புறம் எந்த ஊர் என்பார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்ற மூன்றாவது கேள்விக்கு அவன் பதில் சொன்னதும், அந்த வீடு நேற்றுதான் வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். இருக்கிற வீடுகளையெல்லாம் இப்படிக் கேட்டு அலுத்தவன், இல்லாத வீட்டைக் கேட்க வந்தான்.

ஆதிலட்சுமி மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அவளுக்கு நல்ல மனசு, அதனால்தான் என்று எழுதிவிட்டால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால், மூவாயிரம் ரூபாயைக் கண்ணில் காட்டியவன் அவன் ஒருவன்தான். அவன் பி.எஃப். லோன் போட்டிருந்தான், அவன் பெண்டாட்டி செல்லாயி கம்மலையும் இரண்டு ஆட்டையும் விற்றிருந்தாள்.

பத்திரம் எழுதுகிற பச்சமுத்து, ரிஜிஸ்தர் ஆபீஸ் புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பவர். ஊரில் பாதி மண்ணுக்கு அவர் கையெழுத்துதான் எல்லை. ஸ்டாம்பு பேப்பரில் பாதி எழுதியதும் நிறுத்தினார்.

"நாலு பக்கமும் எல்லை எழுதணும் தங்கச்சி. செவுரே இல்லியே, எத்த வெச்சி எழுதறது? மூணு வூட்ல எந்த வூடுன்னாவது சொல்லு."

"மொதல் வூடு" என்றாள் ஆதிலட்சுமி.

"மொதல் வூடுதாங்க" என்றான் அருள்தாஸும், முகம் மலர்ந்து.

பச்சமுத்து 'முதல் வீடு' என்று எழுதினார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லும்போது அவருக்கு என்ன சந்தேகம் வரும்? பத்திரத்தை அருள்தாஸ் வைத்துக்கொண்டான், பணத்தை ஆதிலட்சுமி வைத்துக்கொண்டாள்.

ஆனியில் வேலை தொடங்கியது. மேஸ்திரி சடையப்பன் எந்த வேலைக்கும் கன்னி மூலையில்தான் முதல் கல்லை வைப்பான். தென்மேற்கு மூலை, அதாவது கிணற்றோரம். அங்கிருந்து சுவரை எழுப்பிக்கொண்டே ரோட்டுப் பக்கம் வருவான். கிணற்றோரம் இருப்பது மொதல் வூடு, நடுவில் ரெண்டாவது, ரோட்டைப் பார்த்தது மூணாவது. "யக்கா, மொதல் வூட்டுக்கு நெலை வெச்சாச்சி, ரெண்டாவதுக்கு இன்னும் ஐந்நூறு கல்லு வோணும்" என்று அவன் நாள் முழுக்கச் சொல்லச் சொல்ல, ஆதிலட்சுமிக்கும் அந்தக் கணக்கே வாயில் வந்தது. வேலை தொடங்குமுன் கயிறு கட்டி அளந்தபோதே அவளும் அவனும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கம்பவுண்டர் பாவம் சைக்கிள் மிதித்து அலைகிறான், முதலில் முடிகிற வீட்டை அவனுக்குக் கொடுப்போம் என்று நல்லெண்ணத்தோடுதான் அன்றைக்கு 'மொதல் வூடு' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து அருள்தாஸும் செல்லாயியும் வேலையைப் பார்க்க வருவார்கள். அவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான், மேஸ்திரிக்கு பீடி வாங்கிக் கொடுப்பான். செல்லாயி ஒன்றும் பேசமாட்டாள். ரோட்டைப் பார்த்த வீட்டில் கதவு வராத நிலைப்படி ஒன்று இருந்தது. அதில் போய் உட்கார்ந்து, கால் இரண்டையும் ரோட்டுப் பக்கம் போட்டுக்கொண்டு பஸ் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேரம் அப்படியே இருப்பாள். வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று ஆதிலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

புரட்டாசி பாதியில் மூன்று வீட்டுக்கும் சுவர் நின்றது, பணம் படுத்தது. கூரைக்குச் சட்டம், சீமை ஓடு, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டாயிரம் வேண்டும். சுவர் முழுக்கச் செங்கல்தான், ஆனால் சிமெண்ட் கட்டுப்படியாகாமல் மண்சாந்தில் கட்டியது. ஐப்பசி மழை நாலு நாள் வலுத்துப் பெய்தால் சாந்து கரைந்து சுவர் உட்கார்ந்துவிடும். சடையப்பன் தினமும் கிழக்கே அண்ணாந்து பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பான். ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. தன் பணம் போனால் போகட்டும், இன்னொருத்தன் கம்மலும் ஆடும் விற்ற பணத்தைச் சேற்றில் விட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, செங்கல்பட்டிலிருந்து முத்துகிருஷ்ணன் என்கிற உர ஏஜெண்ட் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். உத்திரமேரூரில் உரக்கடை போட ரோட்டுமேல் இடம் தேடுகிறார். முன்வீட்டைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அட்வான்ஸ் இரண்டாயிரம், மாச வாடகை நூறு. வெள்ளிக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆதிலட்சுமி அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லாயி வழக்கம்போல நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கு நிலையை அகலப்படுத்த வேண்டும் என்று சடையப்பன் கயிற்றோடு வந்தான்.

"கொஞ்சம் எந்திரி செல்லாயி, அளவெடுக்கணும். இது உரக்கடைக்குப் போவுது" என்றாள் ஆதிலட்சுமி.

செல்லாயி எழுந்திருக்கவில்லை. "இது எங்க வூடாச்சேம்மா" என்றாள்.

"உங்களுது மொதல் வூடு. தோ, கெணத்தாண்ட."

"மொதல் வூடு இதானே? ரோட்லேர்ந்து வந்தா இதானே மொதல்ல வருது?"

ஆதிலட்சுமி மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி கயிற்றைப் பார்த்தான். ஐந்து மாதமாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இரண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

மறுநாள் சாயங்காலம் பச்சமுத்துவை மனைக்கே அழைத்துவந்தாள். ஆஸ்பத்திரி விட்டு அருள்தாஸ் பத்திரத்தோடு வந்தான், கழனி வேலை முடிந்து செல்லாயியும் வந்தாள். பச்சமுத்து கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இத்த எடுத்துக்கினு கோர்ட்டுக்குப் போனா ரெண்டு பேருமே ஜெயிக்கலாம், ரெண்டு பேருமே தோக்கலாம். 'மேற்கிலிருந்து'ன்னு ஒரு வார்த்த சேத்து ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா பேஜாரே இல்ல."

ஆதிலட்சுமி அருள்தாஸிடம் நியாயம் பேசினாள். எல்லாம் நிஜமான நியாயம்தான். "மூணும் ஒரே அளவு, கம்பவுண்டரே. பின்னால வூட்டுக்குக் கெணறு பக்கம், ரோட்டுத் தூசி கெடையாது. அந்த ஏஜெண்ட் துட்டு வந்தாத்தான் கூரை. கூரை இல்லன்னா உங்க வூடும் கரைஞ்சிடும், என் வூடும் கரைஞ்சிடும்."

அருள்தாஸ் வானத்தைப் பார்த்தான். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. எதிர்த்துப் பேசுவான் என்றுதான் அவள் பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவன் பத்திரத்தை மடிப்பு நீவிப் பச்சமுத்துவிடம் நீட்டினான்.

"எழுதிக்கோங்க. பின்னால வூடுன்னா பின்னால வூடு. எங்கனா ஒண்டிக்கினா சரி."

பச்சமுத்து பேனா மூடியைத் திருகினார். அப்போது செல்லாயி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டாள். "பின்னால வூட்டுக்கு எப்பிடிம்மா போறது?"

"தோ, சந்து கீதே. எங்க வூட்டுப் பின்வாசலுக்குப் போறமே, அதே சந்துதான்."

"தெரியும்மா. அந்தச் சந்துல வந்துதான் உங்க பின்வாசல்ல நின்னு கூலி வாங்கினேன். ஆறு வருசம் உங்க கழனில நடவு நட்டேன். நீங்கதான் நெல்லு அளந்து முந்தானைல போட்டீங்க."

ஆதிலட்சுமி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"அதுக்கோசரம் சொல்லலம்மா. கூலி நல்லாத்தான் அளந்தீங்க. பொறந்ததுலேர்ந்து எந்த வூட்டுக்குப் போனாலும் பின்னாலதான். துட்டு கட்டி வர்ற வூட்டுக்காவது முன்னால போலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவ்ளோதான்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ எழுதிக்குடு. மழ வந்துடும்."

பச்சமுத்து பேனாவைப் பேப்பரில் வைக்கப் போனார்.

"மூடுங்கண்ணே பேனாவ" என்றாள் ஆதிலட்சுமி.

"இன்னா தங்கச்சி?"

"மூடுங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் கீது."

டைம் இருந்தது, பணம்தான் இல்லை. வீட்டுக்குத் திரும்பியவள், ரோட்டு வழியாகப் போகாமல் சந்தில் நடந்து தன் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். தினம் நாலு தரம் பார்க்கிற இடம்தான். ஆனால் உள்ளேயிருந்து பார்ப்பாள். வெளியேயிருந்து பார்த்தது குறைவு. சாக்கடை ஓரமாகக் கால் வைக்க வேண்டும். கோழிக் கூடு, சாம்பல் குவியல். நிலை குட்டை, குனியாமல் நுழைய முடியாது. நிலைக்கு வெளியே ஒரு தேய்ந்த கல். நடவு முடிந்த நாட்களில் பெண்கள் அதன்மேல் வரிசையாக ஏறி முந்தானையை விரிப்பார்கள், உள்ளே நின்று இவள் மரக்காலால் அளந்து போடுவாள். இருபது வருஷம் போட்டிருக்கிறாள். அத்தனையையும் நினைத்துப் பார்த்தாள். கைகள் ஞாபகத்துக்கு வந்தன, முந்தானைகள் வந்தன, ஒரு முகம்கூட வரவில்லை. ஆதிலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. அளவில் ஒரு பிடி குறைத்ததில்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பெருமையை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குனிந்து உள்ளே வந்தாள். சமையலறை, கூடம் தாண்டி முன் அறைக்குப் போனாள். ராஜாராம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ரோட்டைப் பார்த்த அகலமான இரட்டைக் கதவு. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஆதிலட்சுமி சுவர் ஓரமாக அடி வைத்து அறையை அளக்க ஆரம்பித்தாள். பதினாலு அடி. அந்தப் பக்கம் பதினொன்று.

"இன்னா பண்ற?" என்றார் ராஜாராம்.

"கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலிய நவுத்தணும்."

"எங்க?"

"கூடத்துக்கு. இந்த ரூம உரக்கடைக்கு வுடப்போறேன்."

ராஜாராம் பேப்பரை மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு வேகமாகப் பேப்பரை மடித்ததில்லை. "எங்க அப்பா ஒக்காந்த ரூம்டி இது. முன்வாசல கடக்காரனுக்குக் குடுத்துட்டு நாம எப்பிடி வூட்டுக்குள்ள வர்றது?"

"பின்னால ஒரு வாசல் கீதே. இத்தினி வருசம் ஊர்ல பாதிப் பேரு அதுலதான் வந்தாங்க."

"அவங்களும் நாமளும் ஒண்ணா?"

நாற்காலியை அவளே தூக்கினாள். அவர் அதன் பின்னாலேயே கூடம் வரை வந்தார், வேறு என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை முத்துகிருஷ்ணன் வந்தார். முன்வீடு இல்லை, முன் அறை என்றதும் முதலில் முகம் சுளித்தார். உள்ளே வந்து பார்த்தார். கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, சிமெண்ட் தரை, மழை வந்தால் மூட்டை நனையாது. முக்கியமாக, நாளைக்கே சரக்கு இறக்கலாம். வாடகையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டு அட்வான்ஸை எண்ணி வைத்தார். மறுநாளே அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த கதவைப் பலகை அடித்து மூடினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வாசல் பின்வாசல்.

ஓடு வந்தது. சட்டம் ஏறியது. சடையப்பன் பத்து ஆளை விட்டு ஓட்டினான். ஐப்பசி ஐந்தாம் தேதி நடுவீட்டுக் கூரையில் கடைசி வரிசை ஓடு போடும்போது தூற ஆரம்பித்தது, ஆட்கள் கீழே இறங்கி முடிப்பதற்குள் கொட்டியது. ஆதிலட்சுமி நனைந்துகொண்டு ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கல் அசையவில்லை. அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

ராஜாராம் நாலு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பின்வாசல் வழியாகப் போவதைவிட உள்ளேயே கிடந்து சாகிறேன் என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் டீக்கடை ஞாபகம் வந்து கிளம்பியவர், குனிய மறந்து நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். கம்பவுண்டரிடம்தான் போய் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அருள்தாஸ் காசு வாங்கவில்லை என்பதை அன்று சாயங்காலம் இரண்டு தரம் சொன்னார். தெருவில் இரண்டொருவர் ஜாடையாகப் பேசினார்கள். காலனிக்காரனுக்கு முன்வீடு, கவுரவமான குடும்பத்துக்குச் சந்து என்று ஆதிலட்சுமி காதுபடவே சொன்னார்கள். யூரியா நாற்றம் வேறு பலகை இடுக்கு வழியாகக் கூடம் வரை வந்து, சோற்றில் உட்கார்ந்தது. அவளுக்கும் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. மழைச் சேற்றில் சாக்கடை ஓரம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் குடத்தோடு, தலையைக் குனிந்து நுழையும்போதெல்லாம் ஏன் இந்த வம்பை விலைக்கு வாங்கினோம் என்று நினைப்பாள். உள்ளே போய் நிமிர்ந்ததும் அந்த நினைப்பை விட்டுவிடுவாள். பத்து நாளில் உடம்பு பழகிப்போய், நிலை வருமுன்பே தலை தானாகக் குனிந்தது.

கார்த்திகையில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டர் வீட்டில் பால் காய்ச்சினார்கள். வீட்டுக்காரி வீட்டுப் பால்தான் முதலில் பொங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காலையில் கறந்த பாலைச் செம்பில் எடுத்துக்கொண்டு ஆதிலட்சுமி பின்வாசலில் குனிந்து வெளியே வந்தாள். சந்தில் ரோட்டுப் பக்கமாக நாலு எட்டு வைத்தால் முதல் வீட்டின் பின்கதவு. புதுச் சாணம் மெழுகிய வாசனை வந்தது, உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. ஒரு மாதத்துப் பழக்கம், நேராக அந்தப் பின்கதவுக்கே போய்த் தலையைக் குனிந்து, "செல்லாயி" என்று கூப்பிட்டாள்.

செல்லாயி புதுப்புடவையோடு வந்து கதவைத் திறந்தாள். கையில் செம்போடு குனிந்து நின்றவளைப் பார்த்தாள்.

"ஏம்மா இங்க வந்து நிக்கிறீங்க" என்றாள். "முன்னால வாங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆதிலட்சுமி சந்தில் நடந்து ரோட்டுக்கு வந்தாள். காஞ்சிபுரம் பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது, உரக்கடை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பார்க்க அவள் பாலை ஏந்திக்கொண்டு திரும்பினாள். முன்வாசலில், மாதக்கணக்காக உட்கார்ந்து பஸ் பார்த்த அந்த நிலைப்படியில், செல்லாயி நின்றுகொண்டிருந்தாள். ஆதிலட்சுமி செருப்பைக் கழற்றினாள். அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டே படி ஏறினாள்.